இமிடசோல் பிகேஏ 7, பைரசோல் பிகேஏ 2.5, எப்படிங்க?

வணக்கம் மக்களே, எம்எஸ்சி மொத வருஷம், ஹெட்டிரோசைக்கிள் (கார்பனோட நைட்ரஜன் மாதிரி வேற அணுவும் இருக்கற ரிங்) பாடத்துல ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன். பைரோல்ல நைட்ரஜனோட லோன் பேர் (பிணைப்புல சேராத எலக்ட்ரான் ஜோடி) ரிங்குக்குள்ள போயி, அரோமாட்டிக் ஆகறதுக்கு வேண்டிய ஆறு பை எலக்ட்ரான் கணக்க நிரப்பிடுது, அதனால புரோட்டான புடிக்க அதுக்கு கையில ஒண்ணும் இல்ல, சரி. பிரிடின்ல லோன் பேர் எஸ்பி2 ஆர்பிட்டல்ல ரிங்குக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அதனால அது பேஸ், கான்ஜுகேட் ஆசிட் (புரோட்டான் ஏறின வடிவம்) பிகேஏ 5.2 (இது ஏற ஏற பேஸோட பலம் ஜாஸ்தி), ரிங்குல டபுள் பாண்டே இல்லாத பைபெரிடின் எஸ்பி3ங்கறதால 11 பக்கம் போயிடுது, இதுவரைக்கும் ஓகே.

இமிடசோல்லதான் தலை சுத்துது. ஒரு நைட்ரஜன் பைரோல் மாதிரி, இன்னொண்ணு பிரிடின் மாதிரி. பிகேஏ 7 (இமிடசோல் ரிங் இருக்கற அமினோ ஆசிட் ஹிஸ்டிடின் நம்ம என்சைம்கள்ல புரோட்டான வாங்கிக் குடுக்கற வேலை பாக்கறதே இதாலதான்). புரோட்டான் ஏறினதும் ப்ளஸ் சார்ஜ ரெண்டு நைட்ரஜனும் சமமா பங்கு போட்டுக்குதுன்னு சார் சொன்னாரு, நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா பைரசோலும் அதே மாதிரிதான் பங்கு போடுது, ஆனா 2.5 தான்! ரெண்டு நைட்ரஜனும் ஒட்டி ஒட்டி இருக்கறதால இழுப்பு ஜாஸ்தியாகுதா, இல்ல லோன் பேர் மோதலா? ரெசனன்ஸ் படம் போட்டு யாராச்சும் வெளக்குங்க ப்ளீஸ், வெள்ளிக்கிழமை இன்டர்னல் இருக்கு.