மச்சாக்கோஸ் போகிறேன், என்ன எடுத்துவைக்க?

நான்: எல்லாருக்கும் வணக்கம். விண்ணப்பித்திருந்தேனே, தேர்வாகிவிட்டேன் என்று கடிதம் வந்துவிட்டது. ஜூலையில் 6 வாரம், கென்யாவில் மச்சாக்கோஸ் பக்கம் ஒரு கிராமம். ஊர்க்காரர்களோடு சேர்ந்து இளைஞர்கள் மணல் அணை கட்டுகிற வேலை. என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

வள்ளியூர் மாமா: சந்தோஷம் மக்களே. ஆனால் முதலில் அந்தக் கடிதத்தை இங்கே போடு. 2022ல் வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளை மறக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்களா, தங்குகிற இடம் எது, திரும்புகிற டிக்கெட் யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் உண்டா, நாம் கொடுக்கிற பணம் எதற்கெல்லாம் போகிறது, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

நான்: அனுப்புகிறேன் மாமா. பாஸ்போர்ட் என் கையில்தான் இருக்கும். போன வருடம் போன 2 பேரிடம் நேரிலேயே பேசிவிட்டேன். சுற்றுலா என்று சொல்லி உள்ளே போய் வேலை செய்யக் கூடாது, அதற்கான அனுமதியை அங்கே உள்ளவர்கள் முறையாக எடுக்கிறார்கள். அதன் நகலும் கேட்டிருக்கிறேன். நைரோபியில் இருக்கிற இந்தியத் தூதரக நம்பரை அம்மா போனில் போட்டாச்சு.

பாளை அத்தை: ஏட்டி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயா? இதை விட்டுவிடாதே. கென்யாவிலிருந்து வருகிறவர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் இங்கே 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. மலேரியா மாத்திரையையும் கேட்டு வாங்கு, சிலது ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் போட வேண்டியிருக்கும், பாதியில் நிறுத்தக் கூடாது.

சென்னை அண்ணன்: ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆன்லைனில் நாள் வாங்கிவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் வா, எழும்பூரில் நான் நிற்கிறேன். அசல் பாஸ்போர்ட் மறக்காதே.

அம்மா: ஆப்பிரிக்கா வெயில் என்று பருத்தி உடையாகவே எடுத்து வைத்திருந்தேன், இவள் ஸ்வெட்டர் கேட்கிறாள்.

நான்: அம்மா, அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, அதுவும் நல்ல உயரமான இடம். ஜூலையில்தான் அங்கே குளிர். மாஞ்சோலை மலைக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

பாளை அத்தை: அல்வா, காரச்சேவு எல்லாம் கட்டித் தருகிறேன்.

நான்: அத்தை, பிளாஸ்டிக் கேரி பேக்கில் மட்டும் வேண்டாம். 2017ல் இருந்தே அங்கே தடை, பயணிகள் கொண்டுபோகவும் கூடாது. டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் வைத்துத் தாருங்கள்.

வள்ளியூர் மாமா: சரி, அந்த மணல் அணை என்றால் என்ன? மணலிலா கட்டுகிறார்கள்?

நான்: இல்லை மாமா. மழைக்கு மட்டும் ஓடுகிற ஆற்றில், அடியில் பாறை தட்டும் வரை தோண்டி, குறுக்கே கல்லும் சிமெண்டும் வைத்துச் சுவர். வெள்ளம் வரும்போது மணல் வந்து சுவருக்குப் பின்னால் நிறையும். அந்த மணலுக்குள்ளே, மொத்த அளவில் 25 முதல் 40 சதவீதம் வரை தண்ணீர் நிற்கும். வெயில் குடிக்காது, கொசு முட்டையிடாது. கோடையில் ஊற்றுத் தோண்டியோ குழாய் வைத்தோ எடுத்துக்கொள்வார்கள். அங்கே மார்ச் முதல் மே வரை ஒரு மழை, அக்டோபரில் தொடங்கி இன்னொரு மழை, அதனால் நடுவில் காய்கிற மாதங்களில்தான் கட்டுவார்கள்.

அம்மா: ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இதைப் படிக்கவா பிள்ளை அவ்வளவு தூரம் போகிறாள்? நம்பியாற்றில் சித்திரை மாதத்தில் நாங்கள் ஊற்றுத் தோண்டித்தான் குடித்தோம். கையளவு குழி போதும். முதலில் ஊறுகிற கலங்கல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் கண்ணாடி மாதிரி ஊறும், கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்போம். அவசரப்பட்டால் ஒரு குடமும் தேறாது. லாரி வந்து மணலை அள்ளிக்கொண்டு போனார்கள், ஊற்றும் அதோடு போய்விட்டது."

நான்: ஆச்சி, நான் விண்ணப்பத்தில் எழுதியதும் இதைத்தான். இங்கே மணலோடு தண்ணீரையும் இழந்தோம், அங்கே மணலைத் தேக்கித் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். நான் யாருக்கும் உதவி செய்யப் போவதாக நினைக்கவில்லை. பெரும்பாலும் பெண்கள் குழுக்கள்தான் அங்கே கல் சுமந்து கட்டுகிறார்கள், அவர்கள் பக்கத்தில் நின்று பழகிவிட்டு வர வேண்டும். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமூ' என்று சொல்ல வேண்டுமாம், அவர்கள் 'மரஹபா' என்பார்களாம். தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

வள்ளியூர் மாமா: பேச்சு நல்லாத்தான் இருக்கிறது மக்களே, ஆனால் கலவைச் சட்டி தூக்கியிருக்கிறாயா நீ? முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்து, இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துப் படுத்துக்கொண்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு நீ ஒரு பாரம். நம் சைட்டில் காம்பவுண்டுச் சுவர் வேலை நடக்கிறது. ஒரு வாரம் வா. குனியாமல் முட்டி மடக்கிக் கல் தூக்குவது, வரிசையில் நின்று சட்டியைக் கை மாற்றுவது, சிமெண்டு பட்ட கையை உடனே கழுவுவது, எல்லாம் நம் சித்தாள் அக்காமார் சொல்லித் தருவார்கள்.

நான்: வருகிறேன் மாமா. எத்தனை மணிக்கு?

வள்ளியூர் மாமா: திங்கள் காலை 7 மணி. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வா. தலைக்குச் சும்மாடு கட்ட ஒரு பழைய துண்டு.

அம்மா: துண்டு ஆச்சி எடுத்து வைத்துவிட்டார்கள்.