அக்கா கேட்க, நான் படிக்க: அசோகமித்திரன் நாவல்கள் முழுவதும்

தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பெங்களூரில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். எங்கள் அபார்ட்மெண்டில் எனக்கு மிகவும் நெருக்கமான அக்காவும் அப்படித்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். பிறந்து வளர்ந்தது செகந்திராபாத்தில், அப்பாவுக்கு ரயில்வே வேலை. பள்ளியில் இங்கிலீஷ், இந்தி, தெலுங்கு. தமிழ் வீட்டில் பேசியதோடு சரி. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார், ஒரு பக்கம் படிப்பதற்குள் களைத்துப் போவார். அவருக்காக அசோகமித்திரனின் நாவல்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். கையில் கிடைத்த நாவல்கள் எல்லாம் முடிந்துவிட்டன.

ஏன் அசோகமித்திரன் என்றால், அவரும் செகந்திராபாத்காரர். 1931ல் அங்கே பிறந்தவர், அவருடைய அப்பாவும் நிஜாம் ரயில்வேயில் இருந்தவர். 'எங்க ஊர்ப் பையன் மெட்ராஸ் போய் எழுத்தாளர் ஆயிட்டான்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார், ஆனா அவர் என்ன எழுதினார்னு எனக்குத் தெரியாது' என்று அக்கா ஒருநாள் சொன்னார். அதுதான் ஆரம்பம்.

முதலில் செகந்திராபாத்தில் நடக்கும் நாவலைத்தான் எடுப்பதாக இருந்தோம். ஆனால் அது 2024 மார்ச் மாதம். இங்கே இருந்தவர்களுக்கு அந்தக் கோடை மறக்காது. நகரத்தின் போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம். எங்கள் அசோசியேஷன் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் என்று தண்ணீரைத் திறந்துவிடும். டேங்கர் எப்போது வரும் என்பதுதான் வாட்ஸப் குழுவில் முதல் கேள்வி, கடைசிக் கேள்வி எல்லாம். இந்த நிலையில் 'தண்ணீர்' நாவலைத் தள்ளிவைக்க மனசு வரவில்லை.

1973ல் புத்தகமாக வந்தது. சின்ன நாவல்தான். சென்னையில் ஒரு தெரு, வறட்சி, ஜமுனா, அவள் தங்கை சாயா, சினிமா ஆசை காட்டி ஜமுனாவை அழைத்துக்கொண்டு போகும் பாஸ்கர் ராவ். குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அலைகிறார்கள். கல்லூரியில் படித்தபோது இது ஜமுனாவின் கதை என்று படித்திருந்தேன். அக்கா காதில் அது அதே தெருவில் இருக்கும் டீச்சரம்மாவின் கதையாக விழுந்தது. தன்னைவிட எவ்வளவோ மூத்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டதையும் அந்த வீட்டில் தான் பட்டதையும் அவள் ஜமுனாவிடம் சொல்லும் இடம் வந்தபோது, 'இன்னொரு தடவை படி' என்றார். படித்தேன். 'அழவே மாட்டேங்கறா பாரு. ரேஷன் கடையில நடந்ததைச் சொல்ற மாதிரி சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போறா. இவளாலதான் அந்தப் பொண்ணு பிழைக்கிறா' என்றார். உண்மைதான். ஜமுனாவைத் தேற்ற அங்கே பெரிய அறிவுரை எதுவும் கிடையாது. தன்னைவிட அதிகமாகப் பட்ட ஒருத்தி நாளைய தண்ணீருக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். எங்கள் டேங்கர் வரிசையில் இப்படி இரண்டு மூன்று பேரை நானே பார்த்தேன்.

வாய்விட்டுப் படிப்பது பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அசோகமித்திரனின் வாக்கியங்கள் சின்னவை, எளிமையானவை, கண் அவற்றில் நிற்காமல் ஓடிவிடும். அவரோ பெரிய விஷயத்தை வேண்டுமென்றே சின்ன வாக்கியத்தில் வைக்கிறவர். உரக்கப் படிக்கும்போது ஓட முடியாது. எதிரில் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தச் சின்ன வாக்கியம் முடிந்ததும் அவர் கண்கள் பெரிதாகின்றன. 'நக்கோ, வேகமாப் போகாதே' என்பார் அக்கா. நக்கோ என்றால் வேண்டாம், செகந்திராபாத் தமிழில் உருது கலந்துதான் வரும். நான் நிறுத்துவேன், பேச்சு ஆரம்பித்துவிடும். சில நாட்கள் அரைப்பக்கம்கூடத் தாண்டியதில்லை.

அப்புறம் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. எங்கள் வாசிப்பில் அதிக நாள் எடுத்தது இதுதான். 1977ல் வந்த நாவல், நடப்பது இந்தியா சுதந்திரம் அடைந்தும் ஹைதராபாத் நிஜாம் கையில் இருந்த காலத்தில். லான்சர் பாரக்ஸில் குடியிருக்கும் சந்திரசேகரன், கிரிக்கெட், கல்லூரி, நிஜாம் ஆட்சிக்காக ஆயுதம் எடுத்த ரசாக்கர்கள், கடைசியில் 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருவது. இடங்களின் பெயர் வரும்போதெல்லாம் அக்கா என்னை நிறுத்தி எங்கே திரும்பினால் எது வரும் என்று கையால் காட்டுவார். சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடி செகந்திராபாத் ஸ்டேஷன், ஊறுகாய் பாட்டில் கிளாக் டவர்.

இந்த நாவலில் கதை சில இடங்களில் 'நான்' என்று போகும், சில இடங்களில் சந்திரசேகரனை 'அவன்' என்று சொல்லும். முதல் மாற்றத்திலேயே அக்கா, 'இப்ப யாரு பேசறாங்க? கதை கை மாறிடுச்சே' என்றார். ஏன் இப்படி என்று பல நாள் பேசினோம். வயதான ஒருவர் தன் இளமையைத் திரும்பிப் பார்த்தால் சில இடங்களில் அது தானாகவும் சில இடங்களில் வேறு யாரோ பையனாகவும் தெரியும் என்பது என் எண்ணம். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. 'பயந்து நடக்கற ஊர்ல யாரா இருந்தாலும் தன்னை வெளியிலேருந்து பார்த்துக்கிட்டேதான் நடப்பாங்க, நம்ம முகம் எப்படித் தெரியுது, டிரெஸ் எப்படித் தெரியுதுன்னு' என்றார். இதைச் சொல்ல அந்த ஊரில் வளர்ந்திருக்க வேண்டும். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது நான் நம்புகிறேன்.

முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கலவரத்தில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். ஒளிந்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம். தன் குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி அந்த வீட்டுப் பெண் தன் உடையைக் களைகிறாள். அவன் ஓடுகிறான். படித்து முடித்தபின் அக்கா சொன்னது: 'பாட்டி ரசாக்கர் காலத்தைப் பத்தி நூறு தடவை சொல்லியிருக்காங்க. ரயில் பிடிச்சு பெஜவாடா, அதான் விஜயவாடா, போனது, திரும்பி வந்தது எல்லாம். மிலிட்டரி வந்தப்புறம் என்ன நடந்துதுன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.'

அதன் பிறகு இருவரும், அங்கே நடந்ததை விசாரிக்க அப்போது இந்திய அரசு அனுப்பிய சுந்தர்லால் குழுவின் அறிக்கை பற்றித் தேடிப் படித்தோம். ராணுவ நடவடிக்கையின்போதும் அதற்குப் பிறகும் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பீதரும் குல்பர்காவும் உண்டு, இரண்டும் இன்று நாம் இருக்கும் கர்நாடகத்தில். அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் இருந்தது. அதை யாரும் பேசாத காலத்தில் ஒருவர் அந்த ஊரைப் பற்றி நாவல் எழுதுகிறார், தன் தரப்புப் பையனையே அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தமிழில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான நாவல் முடிவு இது.

'கரைந்த நிழல்கள்' உரக்கப் படிக்கக் கஷ்டம். சினிமா கம்பெனி, ஏகப்பட்ட பெயர்கள், ஒவ்வொரு அத்தியாயமும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டு போகும். அக்கா ஒரு பெரிய தாளில் யாருக்கு யார் என்ன என்று கோடு போட்டு வைத்தார். அப்புறம் 'ஒற்றன்' படிக்கும்போது, சுவர் நிறைய அட்டவணை வரைந்து நாவல் எழுதும் பெரு நாட்டு எழுத்தாளர் பிராவோ வந்தார். அக்கா எழுந்துபோய்த் தன் தாளைக் கொண்டுவந்து காட்டினார்! 'ஒற்றன்' முழுக்க அப்படித்தான், சந்தோஷமாகப் போனது. அமெரிக்காவில் அயோவாவின் குளிரில் பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில். ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் தருவேன்.

'ஆகாயத் தாமரை' எங்கள் இருவருக்குமே ஒட்டவில்லை. 'இன்று' துண்டு துண்டாக இருக்கும், நெருக்கடி நிலைக் காலத்தைத் தெரிந்துகொண்டு படித்தால் பிடி கிடைக்கும். 'யுத்தங்களுக்கிடையில்' அக்காவுக்கு மிகவும் பிடித்தது, காரணம் அதில் வரும் குடும்பத்தில் அவர் தன் தாத்தா தலைமுறையைப் பார்த்தார்.

நான் ஊருக்குப் போயிருந்த நாட்களில் அத்தியாயத்தை வாய்ஸ் நோட்டாக அனுப்புவேன். கேட்டுவிட்டு அதைவிட நீளமான வாய்ஸ் நோட் பதிலாக வரும். இருவரும் போட்டுக்கொண்ட ஒரே விதி, நான் தனியாக முன்னால் படித்துவிடக் கூடாது. யாராவது இப்படிச் செய்ய நினைத்தால் அந்த விதியை மட்டும் விடாதீர்கள். கதை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதாக ஆகிவிட்டால் பேச்சு போய்விடும், வகுப்பு வந்துவிடும்.

'மானசரோவர்' பற்றிய பேச்சு இன்னும் தீரவில்லை. கோபால், சத்யன்குமார் என்று இரண்டு நண்பர்கள் மாறி மாறிச் சொல்லும் கதை. கோபால் ஸ்டூடியோவில் கதை எழுதுகிறவர், சத்யன்குமார் பெரிய இந்தி நடிகர். கோபாலின் மகன் இறக்கிறான், மனைவியின் மனநிலை குலைகிறது. சத்யன் கோபாலைச் சுற்றிச் சுற்றி வருகிறார், என்ன செய்து ஆறுதல் தருவது என்று தெரியாமல். அக்கா முழுக்க சத்யன் பக்கம். 'அவ்வளவு பெரிய ஆள் வாசல்ல வந்து நிக்கறான், இவர் ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசினா என்ன?' பேசத் தெம்பில்லாத ஒருவரிடம் பேச்சை எதிர்பார்ப்பது அநியாயம் என்பது என் கட்சி. வாசித்து முடித்து மாதக்கணக்காகியும் லிஃப்டில் பார்த்தால் இதுதான் பேச்சு.

இப்போது சிறுகதைகளை எடுத்திருக்கிறோம், 1996ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்பிலிருந்து. ஹைதராபாத்தில் இருக்கும் அக்காவின் தங்கையும் வாய்ஸ் நோட் கேட்க ஆரம்பித்துவிட்டார். பழைய பதிவுகளையும் வாங்கிக் கேட்டுவிட்டுப் போன வாரம் எனக்கே போன் செய்தார். அவர் கோபால் பக்கம்.