பிட்காயின் வாலட் பேட்டரியைத் தின்கிறது, இணைப்பும் அறுந்து அறுந்து வருகிறது. என்ன செய்யலாம்?

பேச்சிப்பாறை_மேல்:
வணக்கம் நண்பர்களே. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் எஸ்டேட் பக்கம் வீடு. காலையில் முழு சார்ஜோடு எடுக்கிற போன், பால் வெட்டி முடித்து இறங்குவதற்குள் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைப் பார்த்தால் வாலட் ஆப்தான் முதலில் நிற்கிறது. வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் அதற்குக் கீழே. இத்தனைக்கும் அந்த ஆப்பை நான் திறப்பதே அபூர்வம். எக்ஸ்சேஞ்சில் வாங்கிய கொஞ்சம் காயினை மாற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மேலே நோட்டிபிகேஷனில் "4 பியர்கள்" என்று காட்டும். கொஞ்ச நேரத்தில் 1, அப்புறம் 0, திரும்பவும் 3. ஆப் கேட்டதால் பேட்டரி அனுமதியை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று கொடுத்திருந்தேன். அதை நிறுத்தினால் காயினுக்கு ஏதாவது ஆகுமா? அந்த நேரத்தில் யாராவது அனுப்பினால் வராமல் போய்விடுமா?

மார்த்தாண்டம்_மொபைல்:
ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கண்ணே. பேட்டரி பிரச்சினைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

வேளிமலை:
தயவுசெய்து இப்போதைக்கு அழிக்க வேண்டாம்! வாலட் உருவாக்கும்போது காட்டிய 12 அல்லது 24 சொற்கள் பேப்பரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில வாலட்டுகளில் சொற்கள் கிடையாது, பாஸ்வேர்டு போட்ட பேக்கப் ஃபைல் மட்டும்தான். இரண்டும் இல்லாமல் அழித்தால் காயின் போனது போனதுதான், எந்தக் கஸ்டமர் கேரும் எடுத்துத் தர முடியாது. 'கிளியர் டேட்டா'வும் அதே ஆபத்துதான்.

பேச்சிப்பாறை_மேல்:
12 சொற்கள் நோட்டில் எழுதி பீரோவில் இருக்கிறது அண்ணே. இப்போதுதான் எடுத்துச் சரிபார்த்தேன்.

வேளிமலை:
நல்லது. இனி நிதானமாகப் பேசலாம்.

காயின் உங்கள் போனில் இல்லை தம்பி. போனில் இருப்பது சாவி மட்டும். கணக்கு முழுவதும் உலகம் முழுக்க ஓடுகிற நோடு என்ற கணினிகளில் இருக்கிறது. போனை அணைத்து வைத்தாலும் உங்கள் முகவரிக்கு வருவது வந்து சேரும். அடுத்த முறை ஆப்பைத் திறக்கும்போது விட்டுப்போன பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) பார்த்து இருப்பைக் காட்டும்.

பியர் என்றால் உங்கள் போன் அப்போது இணைந்திருக்கிற நோடு. அந்த எண்ணிக்கை காட்டுகிறது என்றால், உங்கள் வாலட் நோடுகளோடு நேரடியாகப் பேசுகிற வகை. எல்லா பிளாக்குகளும் சேர்ந்த முழு பிளாக்செயினை இறக்காது, அது 600 ஜிபிக்கும் மேல். ஒவ்வொரு பிளாக்கின் 80 பைட் தலைப்பையும், உங்கள் முகவரி சம்பந்தப்பட்ட தகவலையும் மட்டும் வாங்கும். 2008இல் சதோஷி நகமோட்டோ எழுதிய கட்டுரையிலேயே இந்த வழி இருக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் ஒரு நாளைக்கு 144 தலைப்பு, மொத்தம் 12 கேபிகூட வராது.

அப்புறம் பேட்டரி எங்கே போகிறது? டேட்டாவின் அளவில் இல்லை, ரேடியோ எத்தனை தடவை விழிக்கிறது என்பதில் போகிறது. நோடுகள் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வழக்கமாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை பிங் என்ற சின்னச் செய்தி அனுப்பும். 4 பியர் என்றால் 4 பேரும் தனித்தனி நேரத்தில் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் போன் ரேடியோவை எழுப்பிப் பதில் சொல்ல வேண்டும். பதில் சில பைட்தான். ஆனால் ரேடியோ உடனே தூங்காது, இன்னும் ஏதாவது வருமோ என்று பல நொடிகள் கூடுதல் சக்தியிலேயே காத்திருக்கும். அது அடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அடுத்த பியர் தட்டுவார்.

உங்கள் இடத்தில் டவர் தூரம், நடுவில் மலை. சிக்னல் குறையக் குறைய போன் கூடுதல் சக்தியோடு ஒலிபரப்ப வேண்டும். இணைப்பு அறுந்தால் ஆப் புதிய பியரைத் தேடி முதலிலிருந்து கைகுலுக்கும். 4, 1, 0, 3 என்று நீங்கள் பார்ப்பது அதுதான்.

இதைத் தடுக்கத்தான் ஆண்ட்ராய்டு 6இல், 2015இல், டோஸ் என்ற வசதி வந்தது. திரை அணைந்து போன் சும்மா கிடந்தால் ஆப்களின் நெட்டை நிறுத்திவைத்து, இடையிடையே மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிடும். 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுத்தால் அந்த ஆப்புக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. அதை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள், பேக்கிரவுண்ட் டேட்டாவையும் நிறுத்துங்கள். தேவைப்படும்போது வைஃபையில் திறந்து, ஒத்திசைவு முடியும்வரை விட்டுவைத்தால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். இது சாதாரண பிட்காயின் வாலட்டுக்குத்தான். லைட்னிங் (பிட்காயினுக்கு மேலே ஓடுகிற வேகமான பணம் அனுப்பும் முறை) வாலட், சாவியும் போனிலேயே இருக்கிறது என்றால், பணம் வாங்குகிற நேரத்தில் போன் ஆன்லைனில் இருக்க வேண்டும், சேனலை (இருவருக்கு இடையிலான லைட்னிங் இணைப்பை) பார்த்துக்கொள்ள அவ்வப்போது திறக்கவும் வேண்டும்.

தேங்காப்பட்டணம்_கடல்:
அண்ணன் சொல்வது ரொம்பச் சரி. வள்ளம் கரையை விட்டுத் தள்ளிப் போனதும் எங்களுக்கு டவரே கிடையாது. ஆப் எதுவும் ஓடாவிட்டாலும் டவர் தேடியே போன் சூடாகிவிடும். ஏரோபிளேன் மோடு போட்டால்தான் கரைக்கு வரும்வரை சார்ஜ் நிற்கும். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும். தோட்டத்தில் சிக்னல் இல்லாத நேரத்தில் நீங்களும் போட்டுப் பாருங்க.

களியக்காவிளை_ஜங்ஷன்:
எங்களுக்கு வேறு தொல்லை. வீட்டு முன்பக்கம் நம்ம ஊர் டவர், பின்பக்கம் கேரளா டவர். போன் மாறி மாறித் தாவும்போதெல்லாம் வாலட் திரும்ப இணையப் பார்க்கும். நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் இருந்து எடுத்து நானே ஒன்றைத் தேர்ந்து வைத்தபிறகு தேவலை. சர்வரோடு இணைகிற எலக்ட்ரம் வகை வாலட்டுக்கு மாறலாமா என்றும் யோசனை.

வேளிமலை:
மாறலாம். நாலைந்து பியருக்குப் பதில் ஒரே சர்வர் இணைப்பு, புதிதாக ஏதாவது வந்தால் அதுவே சொல்லும். பேட்டரிக்கு நல்லதுதான். ஆனால் எந்தெந்த முகவரிகள் உங்களுடையவை என்று அந்த சர்வருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது உறுத்தும், அதனால் பழையதையே ரெஸ்ட்ரிக்டட் ஆக்கி வைத்திருக்கிறேன்.

பேச்சிப்பாறை_மேல்:
மாற்றிவிட்டேன் அண்ணே. இப்போது பேட்டரி பட்டியலில் வாலட்டையே காணோம், சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கிறது. ரொம்ப நன்றி. ஆனால் ஒரு புதுப் பயம். காலையில் தோட்டத்தில் நின்று கொஞ்சம் காயின் அனுப்பினேன். இன்னும் 'உறுதியாகவில்லை' என்றே இருக்கிறது. அனுப்பும்போது பியர் 0 காட்டியது.

வேளிமலை:
அப்படியென்றால் அது உங்கள் போனை விட்டே கிளம்பியிருக்காது. திரும்ப அனுப்பாதீர்கள். குலசேகரம் இறங்கியதும் நல்ல சிக்னலில் ஆப்பைத் திறந்து, பியர் இரண்டு மூன்று வரும்வரை திரையை அணைக்காமல் வைத்திருங்கள். பெரும்பாலும் அதுவே மறுபடி ஒலிபரப்பும். பிறகு பரிவர்த்தனை எண்ணை ஏதாவது பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கிற தளத்தில்) போட்டுப் பாருங்கள். அங்கே தெரிந்துவிட்டால் போனை அணைத்தாலும் கவலையில்லை, நோடுகள் வைத்திருக்கும். கட்டணம் ரொம்பக் குறைவாக வைத்திருந்தால் மட்டும் சிக்கல். பிட்காயின் கோர் என்ற மென்பொருள் ஓடுகிற நோடுகள் வழக்கமாக 14 நாள் வரைதான் காத்திருக்கும், அப்புறம் விட்டுவிடும். விட்டாலும் காயின் உங்கள் முகவரியிலேயேதான் இருக்கும்.

பேச்சிப்பாறை_மேல்:
குலசேகரம் பஸ் ஸ்டாண்டில் நின்று திறந்தேன். 3 பியர் வந்தது, எக்ஸ்ப்ளோரரிலும் தெரிகிறது. முதல் உறுதிப்பாடும் வந்துவிட்டது, அதாவது ஒரு பிளாக்கில் சேர்ந்துவிட்டது அண்ணே.