மிஸ் சைகோன் விவகாரம்: வேறு ஆளாக மாறுவதுதானே நடிப்பு?

மூன்றாம்மணி:
எங்கள் நாடகக் குழுவில் நேற்று இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். 1989ல் லண்டனில் 'மிஸ் சைகோன்' இசை நாடகத்தில் இன்ஜினியர் என்ற பாத்திரத்தில் நடித்தவர் ஜோனதன் பிரைஸ், வெள்ளைக்காரர். பாத்திரமோ பாதி வியட்நாமியன், பாதி பிரெஞ்சுக்காரன். அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனபோது எதிர்ப்பு கிளம்பியது. எனக்குப் புரியவில்லை. இளைஞன் கிழவனாக நடிக்கிறான், தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுவதே ஆண்தான், இதில் மட்டும் என்ன தப்பு?

ஓரவிளக்கு:
லண்டனில் ஆரம்பத்தில் அவர் கண் வடிவம் மாறித் தெரிய இமையில் ஒட்டுத்துண்டு ஒட்டி, முகத்தில் பழுப்புச் சாயம் பூசி நடித்தார். கோபம் அதில்தான் தொடங்கியது. 1990ல் நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங்கும் நடிகர் பி.டி. வோங்கும் எதிர்த்தார்கள், ஆகஸ்டில் அமெரிக்க நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி, பிரைஸ் அங்கே நடிக்க அனுமதி மறுத்தது. உடனே தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் நாடகத்தையே ரத்து செய்துவிட்டார், அத்தனைக்கும் முன்பதிவு சுமார் 2.5 கோடி டாலரைத் தொட்டிருந்தது. இரண்டு வாரத்துக்குள் சங்கம் பின்வாங்கியது. 1991 ஏப்ரலில் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறி, பிரைஸ் அங்கே நாடகத்துக்குத் தரும் பெரிய விருதான டோனியும் வாங்கினார்.

அப்புறம் அந்தத் திரௌபதி. பெண்களுக்குக் கூத்து மேடையில் இடமில்லாததால்தான் ஆண் அந்த வேஷம் கட்டினான். நீங்கள் சொன்ன உதாரணமே எதிர்த்தவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

செங்கல்சூளை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாத்திரம் பாதி பிரெஞ்சு, அப்படியென்றால் பிரைஸுக்கும் பாதி உரிமை உண்டுதானே. தோலைப் பார்த்து ஒரு நடிகரைத் தடுக்கும் வேலையை சங்கம் செய்யக் கூடாது. சங்க உறுப்பினர்களே பலர் கையெழுத்துப் போட்டு மறுபரிசீலனை கேட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம்_ராணி:
லண்டனில் ஆறு வருஷமாக நடிகர் தேர்வுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன தடவை இரண்டு பக்க வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன், மூன்றாவது வரியில் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் இந்தியர் மாதிரி பேச முடியுமா?" என்றார்கள். பாத்திரம் மருந்துக்கடைக்காரி, மொத்தம் நாலு வரி. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். யாரும் எந்த வேஷமும் போடலாம் என்பது உண்மையானால் இப்சன் நாடகத்தின் ஐரோப்பிய நாயகி ஹெட்டா கேப்ளர் வேஷத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள், அன்றைக்கு நானும் பிரைஸுக்காகப் பேசுகிறேன். செங்கல்சூளை சார், பாதி உரிமைக் கணக்கை அந்தப் பக்கமும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1833ல் ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக நடித்தார். கறுப்பினப் பாத்திரம், கறுப்பின நடிகர். பத்திரிகைகள் கடித்துக் குதறின, இரண்டே தடவை மேடையேறியதோடு நின்றுபோனது. வெள்ளைக்காரர்களோ கரி பூசிக்கொண்டு அதே வேஷத்தை அதற்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல் போட்டார்கள், 1964ல் லாரன்ஸ் ஒலிவியே கூட.

மூன்றாம்மணி:
இந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. சரி, இன்ஜினியராக ஆசிய நடிகர் யாராவது பின்னாடி நடித்தார்களா?

ஓரவிளக்கு:
நடித்தார்கள். பிராட்வேயிலேயே பிரைஸ் போன பிறகு ஃபிரான்சிஸ் ருய்விவார் வந்தார். 2017ல் பிராட்வேயில் மறுபடி போட்டபோது இன்ஜினியர் ஜான் ஜான் பிரியோனஸ், பிலிப்பைன்ஸ்காரர். 1989ல் லண்டனில் பிரைஸ் முன்னால் நின்று நடிக்க, பின்னால் கூட்டத்தில் ஆடிப் பாடியவர்களில் அவரும் ஒருவர்.