கொடைக்கானல் காட்டேஜுக்கு ஹாட் டப்: சூட்டோடவே வைக்கிறதா, ஆள் மாற மாறக் கொட்டி நிரப்புறதா?

வில்பட்டி_வீடு:
வணக்கம். வில்பட்டிப் பக்கம் ரெண்டு ரூம் காட்டேஜ், நாள் வாடகை. வெள்ளி, சனி, ஞாயிறு நிரம்பும், மத்த நாள் பாதி காலி. காலை 11 மணிக்கு ஆள் கிளம்பினா மதியம் 2 மணிக்கு அடுத்தவங்க வருவாங்க. பார்த்துக்க ஒரு கணவன் மனைவி இருக்காங்க. தண்ணி பாதி போர், பாதி டேங்கர். சீசன்ல முழுக்க டேங்கர்தான். மூணு வழி சொல்றாங்க: ஹீட்டர், ஃபில்டரோட வர்ற 1000 லிட்டர் அக்ரிலிக் டப் (3 கிலோவாட்), 350 லிட்டர் ஜகுஸி (ஜெட்ல தண்ணி பீச்சுற) பாத்டப் + கேஸ் கீசர், விறகுல சூடாக்குற மரத்தொட்டி. எதை எடுக்கலாம்? முதல் மாடி பால்கனி தாங்குமா?

குழாய்க்காரன்:
வாடகை வீட்டுக்கு பாத்டப்தான், யோசிக்கவே வேண்டாம். ஒருத்தர் குளிச்ச தண்ணியில அடுத்தவர் இறங்க வேண்டியதில்ல. டெஸ்ட் ஸ்ட்ரிப் (தண்ணியைச் சோதிக்கிற பட்டை), மருந்து எதுவும் கிடையாது. 350 லிட்டரை 15 டிகிரியிலேர்ந்து 39-க்கு ஏத்த 10 யூனிட் அளவு சூடு போதும். கேஸ்ல அது ஒரு கிலோதான். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்ல 19, 20 தடவை நிரப்பலாம். (வீட்டு சிலிண்டரை இதுக்கு மாட்டாதீங்க, வம்பு.) கீசர் மட்டும் பாத்ரூமுக்கு வெளிய, மழை படாத இடத்துல இருக்கணும். குளிருக்கு ஜன்னலை அடைச்சுட்டு உள்ளயே கீசர் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு வாடையும் இல்ல, புகையும் இல்ல, உக்காந்த இடத்துலயே ஆள் சாஞ்சிடுவாங்க.

அக்ரிலிக் டப்போட கணக்கையும் பாருங்க. 1000 லிட்டர் ஒரு டிகிரி ஏற 1.16 யூனிட். உங்களுக்குக் கிடைக்கிற மூணு மணி நேரத்துல 3 கிலோவாட் ஹீட்டர் 9 யூனிட் குடுக்கும், 8 டிகிரி கூட ஏறாது. ஆள் மாறும்போது தண்ணி மாத்தவே முடியாதுன்னு அர்த்தம். சனிக்கிழமை ஆளோட தலை எண்ணெய் ஞாயித்துக்கிழமை ஆளுக்கு.

தெளிநீர்:
குழாய்க்காரன் அண்ணே, கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க. ஜகுஸி பாத்டப்பைக் காலி பண்ணினாலும் ஜெட்டுக்குப் போற குழாய் வளைவுலயும் பம்ப்புக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி நிக்கும். மருந்து போடாத, சோப்பும் தோலும் கலந்த வெதுவெதுப்பான தண்ணி. நாலு நாள் பூட்டி வச்சுட்டு வெள்ளிக்கிழமை ஜெட்டைப் போட்டா கறுப்பா செதில் செதிலா கொட்டும். அழுக்குன்னு நினைப்பாங்க, அது குழாய்ச் சுவர்ல படிஞ்ச பாக்டீரியாப் படலம்.

அதை எடுக்க: ஜெட்டுக்கு மேல நாலு விரல் நிக்கிற மாதிரி வெந்நீர் விட்டு, நுரை வராத பாத்திரம் கழுவும் மெஷின் பவுடர் ரெண்டு ஸ்பூன் போட்டு, காத்து வால்வை மூடிட்டு 15 நிமிஷம் ஜெட் ஓட்டணும். கொட்டணும். திரும்ப நிரப்பி 100 மி.லி. திரவ குளோரின் ஊத்தி இன்னொரு 10 நிமிஷம் ஓட்டிக் கொட்டணும். ரெண்டையும் ஒண்ணாக் கலக்க வேண்டாம். ஆளுக்கு ஆள் இதைச் செஞ்சா குளிக்க 350, கழுவ 700. மாசம் பத்து குடும்பம் வந்தா 10,500 லிட்டர். டேங்கர் தண்ணி வாங்குற வீட்டுல!

குழாய்க்காரன்:
யார் சார் ஆளுக்கு ஆள் அதைச் செய்யச் சொன்னது? குழாயை சரிவா இழுத்தா தண்ணி பெரும்பாலும் வடிஞ்சிடும். வாரம் ஒரு தடவை கழுவினாப் போதும். அதுவும் வேணாம்னா தண்ணி ஜெட்டே இல்லாத, காத்து மட்டும் ஊதுற டப் எடுங்க. குளிச்சு முடிச்சு கால் மணி நேரம் கழிச்சு ப்ளோயர் தானா ஓடி குழாயைக் காய வச்சிடும். ஈரம் இல்லைன்னா படலமும் இல்ல.

தெளிநீர்:
காத்து டப்னா ஒத்துக்குறேன். ஆனா முதுகுல அடிக்கிற அந்த அழுத்தம் அதுல வராது, விளம்பரத்துல ஜகுஸின்னு போட்டுட்டு வர்றவங்க கிட்ட திட்டு வாங்கணும். அப்புறம் 6 லிட்டர் கீசர் நிமிஷத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரிதான் ஏத்தும். 350 லிட்டர் நிரம்ப ஒரு மணி நேரம். மார்கழியில குழாய்த் தண்ணி 12 டிகிரின்னா 37-தான் வரும், நிரம்புறதுக்குள்ள அதுவும் ஆறிடும். ஆறினா திரும்பச் சூடாக்க வழியில்ல, கொட்டிட்டு மறுபடி நிரப்புவாங்க. ரெண்டு ராத்திரி தங்குற குடும்பம் நாலு தடவை நிரப்பும்.

ஃபேஸ்நியூட்ரல்:
கரன்ட் பத்தி மட்டும் சொல்றேன். 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர், ஜெட் பம்ப் இன்னொரு 6, 7. மொத்தம் 20. இதை 16 ஆம்பியர் பிளக்குல சொருகினா பிளக் உருகும். போர்டுலேர்ந்து தனி லைன், 6 சதுர மி.மீ. தாமிர ஒயர், 32 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினா விழுற சுவிட்ச்), கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்). டப்புக்குன்னு நல்ல எர்த். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தா அதை பைபாஸ் பண்ணுறது நம்ம ஊர் வழக்கம். தண்ணிக்குள்ள ஆள் உக்காந்திருக்காங்கன்னு ஞாபகம் இருக்கட்டும். பெரும்பாலும் ஹீட்டர் எலிமென்ட்ல உப்பு படிஞ்சு, மேல் உறை வெடிச்சு, கசிவு வரும். எலிமென்ட்டை மாத்துங்க.

வோல்டேஜ் 180-க்கு இறங்கினா 3 கிலோவாட் ஹீட்டர் 1.8 தான் குடுக்கும், பவர் வோல்டேஜோட வர்க்கத்துல குறையும். புதுத் தண்ணி 15-லேர்ந்து 39 வர ஒன்பதரை மணி நேரம்னு காட்டலாக்ல போட்டிருப்பாங்க, மலையில சாயங்கால வோல்டேஜுக்கு 15 மணி நேரம்.

அமெரிக்காவுக்குச் செஞ்ச டப் சல்லிசாக் கிடைக்குதுன்னு வாங்காதீங்க. அதுக்கு ரெண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், எர்த்துன்னு நாலு ஒயர் வேணும், ஓசோனேட்டர் (ஓசோன் விட்டுத் தண்ணியைச் சுத்தம் பண்றது) மாதிரி சில பாகம் 120 வோல்ட். 60 ஹெர்ட்ஸ் பம்ப் நம்ம 50 ஹெர்ட்ஸ்ல மெதுவாச் சுத்தும், ஜெட் சோர்ந்து வரும்.

விறகடுப்பு:
மரத்தொட்டியை யாருமே பேசலையே? கரன்ட், வோல்டேஜ் எந்தத் தொல்லையும் இல்ல. காஞ்ச விறகு 15 கிலோ போதும், 1000 லிட்டரும் சூடாகும். போட்டோல அதுக்கு ஈடு இல்ல.

தெளிநீர்:
போட்டோ நல்லா வரும், மறுக்கல. தெர்மோஸ்டாட் கிடையாது, விருந்தாளி நாலு கட்டை கூடப் போட்டா 43 டிகிரி போகும். 40-தான் உச்சம். அடுப்பு தணியறதுக்கு முன்னாடி யாராவது தண்ணியைத் திறந்துவிட்டா தொட்டிக்குள்ள இருக்கிற அலுமினிய அடுப்பு கோணிப்போகும். நாலு நாள் காலியாக் கிடந்தா பலகை சுருங்கி ஒழுகும். வீட்டுக்காரர் கூடவே இருக்கிற இடத்துக்கு சரி, வாடகைக்கு வேண்டாம்.

வில்பட்டி_வீடு:
தெளிநீர் சார், அக்ரிலிக் எடுத்தா அந்த மூணு மணி நேரத்துல என்ன செய்யணும்? எங்க ஆளு படிச்சுப் பார்த்துச் செய்யுற மாதிரி சொல்லுங்க.

தெளிநீர்:
முதல்ல தண்ணி. ஊத்துத் தண்ணி, மழைத் தண்ணி மென்மையா இருக்கும், நுரை தள்ளும். காரத்தன்மை குறைவா இருந்தா பி.எச். ஏறி இறங்கும். 80 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வேணும். 30 இருந்தா 1000 லிட்டருக்கு ஆப்ப சோடா 84 கிராம். போர் தண்ணியில இரும்பு இருந்தா குளோரின் பட்டதும் டீ நிறமாகும், அதனால நிரப்புறதுக்கு முன்னாடி ஒரு வாளியில போட்டுப் பாருங்க.

11 மணி: மூடியைத் திறந்து ஸ்ட்ரிப் வைக்கணும். பி.எச். 7.2-லேர்ந்து 7.8, குளோரின் 3-லேர்ந்து 5 பிபிஎம். நீர்மட்டத்துல படிஞ்ச எண்ணெய் வளையத்தை வெறும் துணியால துடைங்க, சோப்பு போட்டா ஜெட் போட்டதும் நுரை மலையா வரும். ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் ரெண்டு வச்சுக்கங்க. ஒண்ணை எடுத்து மடிப்பு மடிப்பா ஹோஸ் அடிச்சுக் காய வச்சு, இன்னொண்ணைப் போடுங்க. நம்ம ஊர்த் தேங்காய் எண்ணெய்க்கு ஹோஸ் மட்டும் போதாது, மாசம் ஒரு தடவை ஃபில்டர் கிளீனர்ல ராத்திரி முழுக்க ஊறணும்.

11.15: டைகுளோர் பவுடர் 18 கிராம் போட்டா குளோரின் 10 பிபிஎம் கூடும். மூடி திறந்தே இருக்க, ஜெட் ஓடணும். 1.45-க்கு திரும்ப ஸ்ட்ரிப். 5-க்கு மேல இருந்தா யாரையும் இறக்காதீங்க. "குளோரின் வாடை அடிக்குது, அதிகமாப் போட்டுட்டோம்"னு சொல்வாங்க. பெரும்பாலும் நேர்மாறு: வேர்வையும் சிறுநீரும் சேர்ந்த குளோரமின் வாடை அது, குளோரின் பத்தலைன்னு அர்த்தம்.

ஒரு பொறி இருக்கு. டைகுளோர்ல ஒவ்வொரு பிபிஎம் குளோரினுக்கும் 0.9 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேரும், அது ஆவியாகாது. மூணு வாரத்துல 50 தாண்டினா ஸ்ட்ரிப் 3 காட்டும், ஆனா கிருமியைக் கொல்ற வேகம் படுத்துடும். அதனால முதல் சில நாள் டைகுளோர், அப்புறம் திரவ குளோரின் (10 சதவீதம்னா 10 மி.லி.க்கு ஒரு பிபிஎம்). நீச்சல் குள மாத்திரை வேண்டாம். அது கடும் அமிலம், மிதக்கவிட்டா அக்ரிலிக்கையும் ஹீட்டரையும் தின்னும். அந்த மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் ஒரே டப்பாவுல கலந்தா வெடிக்கும், அலமாரியைக் கூடத் தனியா வைங்க.

தண்ணி மாத்த: 1000 லிட்டர், நாளுக்கு 4 பேர்னா 22 நாள். 8 பேர்னா 11.

குழாய்க்காரன்:
பாருங்க, இவ்வளவும் மே மாசம் ஞாயித்துக்கிழமை, துணி துவைச்சு, ரூம் கூட்டி, சமையலும் பார்க்கிற அந்த ரெண்டு பேர் செய்யணும். நோட்டுல தினமும் 7.4, 3.0-ன்னு ஒரே கையெழுத்து, ஒரே பேனா இருக்கும். அங்கேயே தெரியும் ஸ்ட்ரிப் டப்பா பிரிக்கவே இல்லைன்னு. குளோரின் அளவு குறைஞ்சா சூடோமோனாஸ் பாக்டீரியாவால அரிப்பு வரும், அதுவும் ஆள் ஊருக்குப் போய் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு. லெஜியோனெல்லாங்கிற பாக்டீரியா வந்தா நிமோனியா.

தெளிநீர்:
அது நியாயம். ஸ்ட்ரிப்பை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க, நேரம் தானா பதிவாகும். வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல போட்டோ தவறினா டப்பை மூடிடணும். அதுக்கு மனசில்லாதவங்க அண்ணன் சொல்ற காத்து டப்பையே எடுக்கட்டும்.

ஆனா வாரநாள்ல ஹீட்டரை அணைச்சா மிச்சம்னு மட்டும் நினைக்காதீங்க. நல்ல மூடி இருந்தா நாளைக்கு 5, 6 யூனிட்தான் போகும். அணைச்சா நாளுக்கு 4 டிகிரி இறங்கி, லெஜியோனெல்லாவுக்குப் பிடிச்ச 35 டிகிரிப் பக்கம் வரும். பம்ப் ஓடாததால மருந்தும் கலக்காது.

ஃபேஸ்நியூட்ரல்:
பால்கனிக்கு யாரும் பதில் சொல்லலையே. தண்ணி 1000 கிலோ, டப் 250, அஞ்சு பேர் 350. 1,600 கிலோ, 4 சதுர மீட்டர்ல. சதுர மீட்டருக்கு 400. வீட்டு பால்கனிக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தரநிலை) சொல்றது 300-தான். தரையில வைங்க. சரிவை வெட்டி நிரப்பின மண்ணுல இல்ல, வெட்டின பக்கத்துக் கெட்டி மண்ணுல, 4 இன்ச் கனத்துக்குக் கம்பி கட்டின கான்கிரீட். பம்ப் இருக்கிற பக்கம் ஆள் குனிஞ்சு வேலை பார்க்க ரெண்டரை அடி விடுங்க, சுவரோட ஒட்டினா ஹீட்டர் மாத்த டப்பையே தூக்கணும்.

வில்பட்டி_வீடு:
தரைக்கே போயிடுறோம். குரங்கு? மூடியைப் பிய்க்குமே.

குழாய்க்காரன்:
பிய்க்கும். ரெக்ஸின் கிழிஞ்சா உள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சு, ரெண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது, சூடும் நிக்காது. மூடி மேல கீல் வச்ச ஜி.ஐ. வலைச் சட்டம், பூட்டோட. குழந்தை விழாம இருக்கவும் அந்தப் பூட்டு வேணும். காட்டெருமை வர்ற வழியா இருந்தா டப்பை வேலியை விட்டு உள்ள தள்ளி வைங்க. கொட்டுற தண்ணியை ரெண்டு நாள் மூடி திறந்து வச்சு, ஸ்ட்ரிப்ல குளோரின் பூஜ்யம் பார்த்துட்டு விடுங்க. ஓடையில இல்ல, சோக் பிட்டுல (மண்ணுக்குள்ள தண்ணி உறிஞ்சுற குழி).