நந்தியாவட்டையில் நீலக்கண் புழு: சைப்ரஸிலும் இதுவேதானா?

ஹலசூரு மாடி:
எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் நந்தியாவட்டை கிளை கிளையாக மொட்டையாகிறது. இலையைப் புரட்டினால் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. தலைப்பக்கம் இரண்டு நீலக்கண், வாலில் குட்டிக் கொம்பு. பூஜைக்குப் பூ போய்விடும், மருந்தடி என்கிறார் மாமியார். சைப்ரஸின் லிமாசோலில் ஹோட்டல் வேலையில் இருக்கும் தம்பிக்குப் படம் அனுப்பினால், "அக்கா, இங்க ரோட்டோர அரளியிலயும் இதே புழுதான்" என்கிறான். அங்கிருந்து செடியோடு வந்ததா? தொட்டால் அரிக்குமா?

ஜயநகர் பூச்சிக்காரன்:
தம்பி சொல்வது சரி. இது 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட அந்துப்பூச்சியின் புழு, அறிவியல் பெயர் 'டாஃப்னிஸ் நீரியை'. ஆனால் யாரும் கொண்டுவரவில்லை. ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், இந்தியா எல்லாமே அதற்குச் சொந்த ஊர்தான். கோடையில் சில பூச்சிகள் அங்கிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வடக்கே பறந்துபோய் முட்டையிடும். அந்தக் குளிரில் கூட்டுப்புழு பிழைக்காது.

சைப்ரஸில் காய்ந்த ஆற்றுப்படுகைகளில் அரளி தானாகவே வளர்கிறது. ஆடுகூட வாய் வைக்காத நஞ்சு இலை, இதற்கோ சாப்பாடு. பெங்களூரில் நந்தியாவட்டை கிடைத்தால் அதையும் விடாது.

அந்த நீலக்கண் வெறும் புள்ளி. சீண்டினால் தலையை உள்ளிழுத்துக்கொள்ளும், புள்ளிகள் விரிந்து முறைக்கிற மாதிரி தெரியும். பறவையை மிரட்டத்தான். அரிக்காது, கடிக்காது. மருந்து வேண்டவே வேண்டாம், நந்தியாவட்டை சீக்கிரம் துளிர்த்துவிடும். புழு தவிட்டு நிறத்துக்கு மாறினால் கீழே இறங்கப் போகிறது என்று அர்த்தம். தொட்டியில் சருகு போட்டு வையுங்கள், அதற்குள் கூட்டுப்புழு ஆகும். வெளியே வரும் பூச்சி பச்சையும் இளஞ்சிவப்புமாக, பட்டுப்புடவைக் கடைக்காரர் பொறாமைப்படும் நிறம்!

தில்லி வாசி:
அரிக்கிற புழு வேறு. சைப்ரஸ் பைன் மரங்களில் வெள்ளை நூல்கூடு கட்டி, ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நடந்து இறங்கும். அதன் முடி பட்டால் தோல் தடிக்கும். நாய் மோந்து பார்த்தால் நாக்கே புண்ணாகிவிடும். தம்பியிடம் நாய் இருந்தால் குளிர்காலக் கடைசியில் பைன் மரத்தடியில் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஹலசூரு மாடி:
நாய் இல்லை, ஆனால் மலைப்பக்கம் நடக்கப் போவான், சொல்கிறேன். மாமியாரிடம் பூச்சியின் படத்தைக் காட்டினேன். மருந்து ரத்து. ஒரு கிளையை மட்டும் பூஜைக்கென்று வலை கட்டி வைத்திருக்கிறார்.