புதுப்பிப்பு: கல்லாவுல 18,400 ஒதைக்குதுன்னு போட்டிருந்தனே, கெடைச்சிருச்சுங்க

ரெண்டு மாசம் முன்னாடி எழுதுனது இதானுங்க, திருப்பூர்ல 9 தையல் மெஷின் வெச்சு கம்பெனிகளுக்கு கூலிக்குத் தெச்சுக் குடுக்கற ஜாப் வொர்க் பண்றேன், கணக்கு நோட்டுல இருக்கற ரொக்கத்துக்கும் பொட்டில இருக்கறதுக்கும் 18,400 ரூவா வித்தியாசம், ஆரு எடுத்தாங்கன்னே தெரீலன்னு. ஆரும் எடுக்கலைங்க. சந்தேகப்பட்ட பையங்கிட்ட நேத்து மன்னிப்பும் கேட்டுட்டேன்.

புதன்கிழமை டெய்லருங்களுக்கு குடுக்கற அட்வான்ஸ நாஞ் செவுத்துல மாட்டியிருக்கற காலண்டர் தாள்லதான் குறிப்பேன், சனிக்கிழமை சம்பளத்துல அத கழிச்சு மிச்சத்த மட்டும் நோட்டுல ஏத்திட்டிருந்தேன், அதுலயே 14,200 காணாமப் போயிருக்குது. மீதி 4,200 ஊட்டுக்கு எடுத்த காசு, கேஸு, பால், ஒறம்பரை வந்தன்னிக்கு கறி. இப்ப அதுக்குன்னு 'சொந்த எடுப்பு'ன்னு தனியா ஒரு பக்கம், ஊட்டம்மா கையிலதான் பேனா.

அப்பறம் இன்னொண்ணுங்க, எலாஸ்டிக் வாங்குன பில்லுல ரெண்டு, மாசம் 14ந்தேதி வர்ற ஜிஎஸ்டிஆர் 2பி-லயே (நமக்கு வித்தவங்க ஜிஎஸ்டில காட்டுன பில்லுங்களோட பட்டியலுங்க) இல்ல. கடைக்காரரு ரிட்டர்ன்ல காட்டவேயில்ல. பில்லு கையில இருந்தாலும் அதுல குடுத்த ஜிஎஸ்டிய நம்ம வரில கழிச்சுக்கற கிரெடிட் எடுக்க முடியாது, அவரு காட்டுனாத்தான். நாலு தடவ போன் போட்டாச்சு, 'போட்டர்றனுங்க'ங்கறாரு.

நூல்காரருக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமா குடுத்தா வருமான வரில செலவாக் காட்ட முடியாதுன்னு ஆடிட்டரு சத்தம் போட்டாரு, அதையும் பேங்க் வழியா மாத்தியாச்சு. கணக்கு எழுதற சாப்ட்வேரு டேலி இன்னும் வாங்கலைங்க, காலண்டர கழட்டிட்டேன்.